"ஒண்ணும் இல்லக்கா"ன்னு கதவை மூடுறதுக்கு முன்னாடி: மாநகராட்சி சுகாதாரத் துறை உங்க வீட்ல என்ன தேடுது?

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடைப் படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம் இது.)

வாடகை வீட்ல ஃப்ரெண்ட்ஸோட தங்கியிருக்கிற எல்லாருக்கும் இந்தக் காட்சி தெரிஞ்சிருக்கும். காலைல பதினோரு மணி. நீங்க லேப்டாப் முன்னாடி மீட்டிங்ல இருக்கீங்க. காலிங் பெல் அடிக்குது. கதவைத் திறந்தா, கையில ஒரு நோட்டு, தோள்ல ஒரு பையோட ஒரு அக்கா. "கார்ப்பரேஷன்ல இருந்து வர்றோம் தம்பி, தண்ணி புடிச்சு வச்சிருக்கிறதைப் பாக்கணும்." நீங்க, "அப்படி ஒண்ணும் இல்லக்கா, போன வாரம்தானே வந்தீங்க"ன்னு சொல்லி அனுப்பிடுறீங்க.

அவங்க ஏன் வாரா வாரம் வர்றாங்க? அங்க இருந்து ஆரம்பிச்சு, சென்னை மாதிரி ஒரு ஊர்ல மாநகராட்சியோட சுகாதாரத் துறை என்னதான் செய்யுதுன்னு இன்னைக்குப் பாக்கலாம். சுகாதாரத் துறைன்னா நமக்கு ஞாபகம் வர்றது ஆஸ்பத்திரி. ஆனா இந்தத் துறையோட முக்கால்வாசி வேலை ஆஸ்பத்திரிக்கு வெளியில, நம்ம மொட்டை மாடியிலயும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாடியும் நடக்குது.

ஏழு நாள் கணக்கு

முதல்ல கொசு. டெங்குவைப் பரப்புற ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கு முட்டையில இருந்து பறக்கிற கொசுவாக ஏறக்குறைய ஏழுல இருந்து பத்து நாள் ஆகும், நம்ம ஊர் வெயில்ல. அந்த அக்கா வாரம் ஒருமுறை வர்றதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான். இந்த வாரம் உங்க பக்கெட்ல இருக்கிற புழு, அடுத்த வாரம் கொசுவாகி ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒருத்தர் பாத்துக் கொட்டிடணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்தா ஒரு தலைமுறை கொசு தப்பிச்சிடும்.

இந்தக் கொசுவுக்கு சாக்கடை பிடிக்காது. நல்ல தண்ணிதான் வேணும். நல்ல தண்ணியை யாரு வச்சிருக்கா? நாமதான். மணி பிளான்ட் வச்ச பாட்டில், ஏசி தண்ணி சொட்டுற பக்கெட், மொட்டை மாடியில கிடக்கிற பழைய டயர், கொட்டாங்குச்சி, பூந்தொட்டிக்கு அடியில இருக்கிற தட்டு. அப்புறம் ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கீழ ஒரு தட்டு இருக்கும். அப்படி ஒண்ணு இருக்கிறதே நம்மள்ல நிறைய பேருக்குத் தெரியாது. அந்த அக்காவுக்குத் தெரியும். டார்ச் அடிச்சு முதல்ல அதைத்தான் பாப்பாங்க.

இன்னொரு விஷயம். ஏடிஸ் தண்ணிக்குள்ள முட்டை போடுறதில்ல. தண்ணி விளிம்புக்குச் சற்று மேல, பாத்திரத்தோட உள்பக்கச் சுவத்துல ஒட்டி வைக்குது. தண்ணியைக் கொட்டிட்டு பக்கெட்டைக் காய வச்சாலும் முட்டை சாகாது, மாசக்கணக்குல உயிரோட இருக்கும். திரும்பத் தண்ணி பட்டதும் பொரிஞ்சிடும். அதனாலதான் "கொட்டுங்க"ன்னு மட்டும் சொல்லாம "தேய்ச்சுக் கழுவுங்க"ன்னு சொல்றாங்க. கொட்ட முடியாத பெரிய தொட்டின்னா அபேட் மருந்து ஊத்துவாங்க. அது தண்ணியில இருக்கிற புழுவைக் கொல்லும். கிணறுன்னா கம்பூசியா மீன் விடுறதும் உண்டு.

சரி, ஓவர்ஹெட் டேங்க்கை எதுக்கு ஏறிப் பாக்கணும்? அது வேற கொசு. அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்ஸி. நகர்ப்புற மலேரியாவைப் பரப்புறது இதுதான். மூடி சரியா மூடாத டேங்க்கும் கிணறும் இதுக்குப் பிடிச்ச இடம். சென்னையில மலேரியா வேலைன்னாலே ஏணி ஏறுற வேலைதான்.

மூணாவது ஒண்ணு இருக்கு: கியூலெக்ஸ். கூவத்துலயும் பக்கிங்காம் கால்வாய்லயும் தேங்கி நிக்கிற சாக்கடைத் தண்ணியிலயும் வளர்றது. ராத்திரி காதுக்குள்ள ரீங்காரம் போட்டுத் தூங்க விடாதது இதுதான். யானைக்கால் நோயைப் பரப்புறதும் இந்த வகைதான். ஆனா டெங்கு இதனால வராது.

இங்கதான் ஒரு சிக்கல். மக்கள் புகார் கொடுக்கிறது பெரும்பாலும் இந்த மூணாவது கொசுவைப் பத்தி. "எங்க தெருவுக்குப் புகை அடிக்கவே வரல"ன்னு கவுன்சிலர்கிட்ட சண்டை போடுவோம். புகை அடிச்சா தெருவே திருப்தியாயிடும், வண்டி சத்தம் கேக்குது, வாசனை வருது, ஏதோ நடக்குதுன்னு ஒரு நிம்மதி. ஆனா புகை கொல்றது அந்த நேரத்துல பறந்துட்டிருக்கிற கொசுவை மட்டும்தான். பாட்டில்ல இருக்கிற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, நாளைக்குக் காலைல அது பறக்கும். வீட்டுக்குள்ள கட்டிலுக்கு அடியில உக்காந்திருக்கிற ஏடிஸ்கிட்ட தெருப்புகை அவ்வளவா போறதும் இல்ல. ஒரு இடத்துல டெங்கு வந்துட்டா புகைக்கு வேலை இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா வருஷம் முழுக்க வேலை செய்றது, யாருக்கும் பிடிக்காத அந்தக் காலிங் பெல்தான்.

அந்த நோட்டுல என்ன எழுதுறாங்கன்னும் சொல்லிடுறேன். பாத்த வீடுகள்ல எத்தனை வீட்ல புழு இருந்ததுங்கிறது ஒரு எண். அதுக்குப் பேரு ஹவுஸ் இண்டெக்ஸ். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்துல புழு இருந்ததுங்கிறது இன்னொண்ணு, பிரெட்டோ இண்டெக்ஸ். எந்தத் தெருவுக்கு அதிக ஆள் அனுப்பணும்னு முடிவு பண்றது இந்த எண்களை வச்சுத்தான். "ஒண்ணும் இல்லக்கா"ன்னு நாம கதவை மூடும்போது நம்ம வீடு 'பாக்காத வீடு' ஆயிடுது. அப்படி நிறைய வீடு சேந்தா, பாத்த வீடுகளை வச்சுப் போட்ட எண் மட்டும் அழகா இருக்கும். தெருவுல கொசு அப்படியேதான் இருக்கும். ஒரு அபார்ட்மென்ட்ல பாதி வீடு பூட்டியிருந்தா அந்த அக்கா என்ன எழுத முடியும், சொல்லுங்க.

பூட்டுன வீடுன்னதும் இன்னொண்ணு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும். டெங்கு ஏறுற காலமும் அதுதான். தீபாவளியும் பெரும்பாலும் அதுக்குள்ளயே வரும். ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பக்கெட்டைக் கவுத்து வச்சுட்டு, வெஸ்டர்ன் டாய்லெட் மூடியை மூடிட்டுப் போங்க.

காய்ச்சல் வந்தா அட்ரஸ் எங்க போகுது?

இப்ப ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. லேப்ல ரத்தம் குடுக்குறாங்க. முதல் அஞ்சு நாளுக்குள்ளன்னா என்.எஸ்.1, அதுக்கு மேலன்னா ஐ.ஜி.எம். பத்து நிமிஷத்துல ரிசல்ட் காட்டுற கார்டு டெஸ்ட் ஒரு துப்பு மாதிரி. அரசாங்கக் கணக்குல உறுதின்னு எடுத்துக்கிறது எலைசா முறையில வர்றதைத்தான்.

ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்ததும் அது உங்க வாட்ஸ்அப்போட நிக்காது. தனியார் லேப், தனியார் ஆஸ்பத்திரி உட்பட எல்லாரும் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லணும். இதுக்காக நாடு முழுக்க 2004-ல தொடங்கின ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கு. இப்ப அது ஆன்லைன்ல நடக்குது. அந்தத் தகவல் அந்தந்த வார்டுக்குப் போகும். ஆட்கள் வந்து உங்க வீட்டையும் சுத்தி இருக்கிற வீடுகளையும் பாப்பாங்க. வேற யாருக்காவது காய்ச்சல் இருக்கா, புழு எங்க இருக்கு, வீட்டுக்குள்ள மருந்து அடிக்கணுமா. ஏடிஸ் ரொம்ப தூரம் பறக்காது, பொதுவா சில நூறு மீட்டருக்குள்ளயே சுத்தும். அதனால ஒரு நோயாளியோட வீடு தெரிஞ்சா, கொசு எங்க இருக்கும்னு ஓரளவு வட்டம் போட்டுடலாம்.

இந்த மொத்த ஏற்பாடும் ஒரே ஒரு விஷயத்துல நிக்குது: அட்ரஸ். மதுரையில இருந்து வந்து பெருங்குடியில பி.ஜி.யில தங்கியிருக்கிற ஒருத்தர், லேப்ல கேட்டதும் ஆதார்ல இருக்கிற மதுரை அட்ரஸைக் குடுக்குறார்னு வைங்க. மதுரையில அவங்க அம்மா வீட்டுக் கதவைத் தட்டி ஒருத்தர் பக்கெட்டைப் பாப்பார். பெருங்குடியில அவரைக் கடிச்ச கொசு, அதே ஹாஸ்டல்ல அடுத்த ரூம் பையனைக் கடிச்சிட்டிருக்கும். இந்த எபிசோட்ல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டுப் போறதா இருந்தா, லேப்ல இப்ப தங்கியிருக்கிற அட்ரஸைக் குடுங்க. பகல்ல ஆபீஸ்லயே இருக்கீங்கன்னா அதையும் சொல்லலாம், ஏன்னா ஏடிஸ் கடிக்கிறது பகல்ல.

கூடவே, டெங்கு சந்தேகம்னா வலி மாத்திரை நீங்களா வாங்கிப் போடாதீங்க. ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் ரெண்டும் ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். காய்ச்சல் இறங்குற நேரத்துலதான் ஆபத்தே தொடங்கும்: கடுமையான வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு. "காய்ச்சல் விட்டுடுச்சு, ஆபீஸ் போறேன்"னு கிளம்புற நாள் அதுவா இருக்கலாம். டெங்கு வைரஸ்ல நாலு வகை இருக்கு. ரெண்டாவது தடவை வேற வகை வந்தா தீவிரமாகுற வாய்ப்பு அதிகம்.

மஞ்ச நிறம் வரணும்

தண்ணி விஷயத்துல சென்னைக்கு ஒரு விசித்திரம் இருக்கு. குழாய்த் தண்ணியும் பாதாளச் சாக்கடையும் மாநகராட்சிகிட்ட இல்ல. 1978-ல இருந்து தனியா இருக்கிற குடிநீர் வாரியம், நாம மெட்ரோ வாட்டர்னு சொல்றது, அதைப் பாக்குது. ஆனா அந்தத் தண்ணியைக் குடிச்சு ஒரு தெருவுல பத்து பேருக்கு வயித்துப்போக்கு வந்தா ஓடி வர வேண்டியது மாநகராட்சி சுகாதாரத் துறை. ஒருத்தர் குழாய் போட்டு, இன்னொருத்தர் நோயைப் பாக்குற ஏற்பாடு இது. ரெண்டு பேரும் தினமும் பேசிக்கிட்டா நல்லாப் போகும். பேசிக்கலன்னா குழியைத் தோண்டுறதுக்குள்ள இன்னும் நாலு பேர் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க.

சுகாதார ஆய்வாளர் கையில ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயோட வந்து உங்க குழாய்ல தண்ணி பிடிச்சு ரெண்டு சொட்டு மருந்து விடுறதைப் பாத்திருக்கலாம். மஞ்ச நிறம் வந்தா குளோரின் இருக்குன்னு அர்த்தம். குழாயோட கடைசி வீட்லயும் லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும். நிறமே வரலன்னா, வழியில எங்கயோ அழுக்கு கலந்து குளோரின் தீந்துபோயிருக்கலாம்னு அர்த்தம். நம்ம ஊர்ல 24 மணி நேரமும் தண்ணி வராது இல்லையா, தண்ணி நின்னதும் குழாய்ல அழுத்தம் இறங்கிடும். அப்ப பக்கத்துல போற சாக்கடை கசிஞ்சிருந்தா, விரிசல் வழியா உள்ள இழுத்துக்கும். தண்ணி வந்ததும் முதல் பக்கெட் கலங்கலா வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். அதைப் பிடிச்சுக் குடிக்காதீங்க. வீட்டு சம்ப்ல நாள் கணக்குல கிடந்தாலும் குளோரின் போயிடும், அதுக்கு வாரியத்தைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

444

சுகாதாரத் துறையோட இன்னொரு வேலை நமக்கு சுகாதாரமாவே தெரியாது: பிறப்பு, இறப்புப் பதிவு. 1969-ம் வருஷச் சட்டப்படி 21 நாளுக்குள்ள பதியணும். சென்னையில சான்றிதழை மாநகராட்சி வலைத்தளத்துல இருந்து இலவசமா எடுத்துக்கலாம். நமக்கு அது பாஸ்போர்ட்டுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் வேணுங்கிற காகிதம். துறைக்கு அது ஊரோட நாடித்துடிப்பு. எந்த வயசுல, எந்த மாசத்துல, எந்தப் பகுதியில, எதனால சாகுறாங்கங்கிறது அங்க இருந்துதான் தெரியும்.

இதோட மதிப்பு 2020-ல தெரிஞ்சது. கொரோனா முதல் அலை. அரசு தினமும் ஒரு மரண எண்ணிக்கை சொல்லுது. மாநகராட்சியோட இறப்புப் பதிவேட்டுல இருக்கிற கணக்கு அதோட ஒத்துப்போகல. பதிவேட்டுல அதிகமா இருக்கு. பத்திரிகைகள்ல கேள்வி வந்தது, சரிபாக்க ஒரு குழு போட்டாங்க. அந்த ஜூலை மாசம், மார்ச்சுல இருந்து ஜூன் பத்தாம் தேதி வரைக்கும் சென்னையில விடுபட்ட 444 மரணங்களைக் கொரோனா மரணங்களா சேத்தாங்க. ஒரே நாள்ல.

யாரு எதுக்கு விட்டாங்கன்னு நான் இங்க போகல. ஆனா ஒண்ணு யோசிங்க. சுடுகாட்டுல, வார்டு ஆபீஸ்ல யாரோ ஒரு எழுத்தர் அந்த வரிகளை ஒழுங்கா எழுதி வச்சதாலதான் அந்த 444 பேர் கணக்குக்குள்ள வந்தாங்க. வீட்ல ஒரு சாவு விழுந்தா "மாரடைப்புன்னு போட்டுடுங்க"ன்னு சொல்றது நம்ம ஊர்ப் பழக்கம். டாக்டர் நிஜமான காரணத்தை எழுதினா அது அடுத்த வீட்டுக்காரங்களுக்குப் பயன்படும்.

சட்டம் ஒரு பக்கம், நம்பிக்கை ஒரு பக்கம்

நம்ம மாநிலத்துக்குப் பொதுச் சுகாதாரத்துக்குன்னு தனிச் சட்டம் இருக்கு, 1939-ல மெட்ராஸ் மாகாணம் போட்டது. இந்தியாவுல இப்படி முழுசா ஒரு பொதுச் சுகாதாரச் சட்டம் முதல்ல வந்தது இங்கதான். சுகாதார அலுவலருக்கு அது பெரிய அதிகாரம் குடுக்குது. உள்ள வந்து பாக்கலாம், நோட்டீஸ் குடுக்கலாம், வழக்கும் போடலாம். கட்டுமான இடங்கள்ல லிஃப்ட் குழியில தண்ணி தேங்கி புழு இருந்தா அபராதம் போடுறது இப்படித்தான். அங்க போடுறது சரின்னுதான் நான் நினைக்கிறேன். ஒரு பில்டர் விட்ட குழி ஒரு தெருவையே படுக்க வைக்கும்.

ஆனா வீடுகள்ல அதிகாரத்தை மட்டும் வச்சு வேலை நடக்காது. கொரோனா நேரத்துல வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டினாங்க, சில இடங்கள்ல தகரம் வச்சு அடைச்சாங்க. அதுக்கு ஒரு காரணம் சொன்னாங்க, தொற்று பரவக்கூடாதுன்னு. ஆனா அந்தத் தகரத்தைப் பாத்த பக்கத்து வீட்டுக்காரர் என்ன கத்துக்கிட்டார்? காய்ச்சல் வந்தா சொல்லக்கூடாதுன்னு கத்துக்கிட்டார். அதே மாநகராட்சிதான் தெருத்தெருவா காய்ச்சல் முகாம் போட்டு, வீடு வீடா ஆள் அனுப்பி, தனிமையில இருக்கிறவங்களுக்கு மளிகை வாங்கித் தர தன்னார்வலர்களையும் வச்சது. மக்கள் மறைக்காம வந்து சொன்னது இதனாலதான், தகரத்தால இல்ல.

கதவைத் தட்டுற அந்த அக்காவோட நிலைமையையும் பாருங்க. தமிழ்நாடு முழுக்க இந்தக் கொசுப் புழு தேடுற வேலையில நிறைய பேர் ஒப்பந்தத்துலயோ தினக்கூலியிலயோதான் இருக்காங்க. டெங்கு மஸ்தூர்னு சில ஊர்கள்ல சொல்வாங்க. சீசன்ல ஆள் எடுப்பாங்க, சீசன் முடிஞ்சா குறைப்பாங்க. டெங்கு குறைஞ்ச வருஷம், "கேஸே இல்லையே, எதுக்கு இத்தனை ஆள்?"னு கேள்வி வரும். கேஸ் இல்லாம இருந்ததுக்குக் காரணமே அந்த ஆட்கள்தான்னு நிரூபிக்க அவங்ககிட்ட எந்தப் போட்டோவும் இருக்காது. ஆஸ்பத்திரி கட்டினா திறப்பு விழா வைக்கலாம். வராத காய்ச்சலுக்கு யாரு ரிப்பன் வெட்டுவா?

அதே நேரம், முன்பின் தெரியாத ஒருத்தரை வீட்டுக்குள்ள விடுறதுல தயக்கம் இருக்கிறது நியாயம்தான், குறிப்பா தனியா இருக்கிற பொண்ணுங்களுக்கு. அடையாள அட்டை காட்டச் சொல்லிக் கேளுங்க, தப்பே இல்ல. கூடவே நின்னு பாருங்க. மூணு நிமிஷ வேலை. முடியவே முடியாத நாள்னா, "சாயந்திரம் வாங்கக்கா"ங்கிறதை விட, மொட்டை மாடிச் சாவி யாருகிட்ட இருக்குன்னு சொல்லி விடுங்க. பாதி வேலை அங்கதான் இருக்கு.

கடைசியா ரெண்டு தகவல். ஆபீஸ் போறவங்களுக்கு அரசு மருத்துவமனை நேரம் ஒத்துவராதுன்னு ஒரு புகார் எப்பவும் உண்டு. 2023 ஜூன்ல தமிழ்நாடு முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தாங்க. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. காய்ச்சல், பி.பி., சுகர் எல்லாத்துக்கும் அங்கயே போகலாம், காசு வேண்டாம். நாய் கடிச்சா முதல்ல குழாயடியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, உடனே பக்கத்துல இருக்கிற அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. ரேபிஸ் தடுப்பூசி அங்க இலவசம். முதல் ஊசியோட நிறுத்திடாதீங்க, அவங்க எழுதிக் குடுக்கிற எல்லா தேதிக்கும் போகணும்.

சென்னையில புகார் சொல்ல 1913. கூப்பிடும்போது "எங்க ஏரியாவுல கொசு ஜாஸ்தி"ன்னு மட்டும் சொல்லாதீங்க. கடிக்கிறது பகலா ராத்திரியா, பக்கத்துல கால்வாய் இருக்கா, பாதியில நிக்கிற கட்டடம் இருக்கா, வீட்ல யாருக்காவது காய்ச்சலான்னு சேத்துச் சொல்லுங்க. எந்தக் கொசுவைத் தேடி எந்த இடத்துக்கு ஆள் அனுப்பணும்னு அதை வச்சுத்தான் அவங்க முடிவு பண்ணுவாங்க.